காணாப் பிணியைக் காட்டியவர்கள்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் உடல்நலக் குறைவைக் குறிக்கும் பழஞ்சொற்கள் இரண்டு. ஒன்று நோய், மற்றொன்று பிணி. 'நோ' என்னும் அடிச்சொல் வருத்தத்தைக் குறிப்பது. ஆதலின் நோய் என்பது ஒருவர் தமக்குள் உணர்வது. 'பிணித்தல்' என்பது கட்டுதல். யானையைத் தறியில் பிணிப்பர். ஆதலின் பிணி என்பது கட்டிப் போடுவது. காய்ச்சல் வந்து நான்கு நாளில் நீங்கினால் அதை நோய் எனலாம். ஆண்டுக்கணக்கில் விடாமல் ஒருவரைக் கட்டிலோடு கட்டி வைத்திருப்பதைப் பிணி என்பதே பொருத்தம். அகராதிகள் இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே தருகின்றன. எனினும் இன்றைய மருத்துவர்கள் 'நாட்பட்ட நோய்' என்று வளைத்துச் சொல்வதைப் பிணி என்னும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடியும் என்பதைத் தமிழ் கற்பிப்போர் நினைவில் கொள்ளலாம்.

தமிழ்க் குடும்பங்களில் பிணியை மறைப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாத்திரை டப்பா பீரோவுக்குள் சென்றுவிடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை, உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்திக்கு முன் குளியலறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வான். மூட்டு வீங்கி எழ முடியாமல் கிடக்கும் மருமகளைப் பற்றிக் கேட்டால், "தூங்குகிறாள்" என்று மாமியார் சொல்வார். இதனைக் குற்றம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் மறைக்காதவர்கள் பட்ட பாட்டைக் கண்ணாற் கண்டவர்கள்தாம் மறைக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மேலை நாடுகளில் சிலர் இதற்கு நேர்மாறானதொன்றைச் செய்தனர். படுக்கையில் கிடந்தபடியே தம் பிணியின் கதையை எழுதினர். தம்மைத் தாமே படம் பிடித்தனர். முன்பின் அறியாதவர்க்கும் அவற்றை இணையத்தின் வழியே காட்டினர். அதனால் விளைந்த நன்மை யாது, நேர்ந்த தீங்கு யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஜெனிஃபர் பிரேயா. வயது 28. திருமணம் நிச்சயமாகியிருந்தது. 2011ஆம் ஆண்டு அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. வெப்பம் 104.7 பாரன்ஹீட் அளவுக்கு ஏறிற்று. காய்ச்சல் நீங்கிய பின்னும் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தலை சுற்றல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்று, சொற்கள் வாயில் வராத நிலை என்று புதிய புதிய துன்பங்கள் வந்துகொண்டேயிருந்தன. மருத்துவர் பலரிடம் சென்றார். சோதனை முடிவுகள் எல்லாம் சீராகவே இருந்தன. கடைசியாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர், மனத்தில் புதைந்து கிடக்கும் ஏதோ பழைய அதிர்ச்சிதான் உடலில் இவ்வாறு வெளிப்படுகிறது என்று கூறினார். அந்த அதிர்ச்சி அவருக்கு நினைவில் இல்லாமலும் இருக்கலாமாம்.

பிரேயா ஆராய்ச்சி மாணவர் அல்லவா? மருத்துவர் சொன்னதையே சோதித்துப் பார்க்க எண்ணினார். மருத்துவமனையிலிருந்து இரண்டு மைல் தொலைவைக் கால்கள் வலியால் துடிக்க நடந்தே வீட்டுக்கு வந்தார். வலி மனத்தின் வேலை என்றால் மனத்தால் அதை வெல்லலாமே என்பது அவர் எண்ணம். வீட்டு வாயிலைக் கடந்ததும் விழுந்தவர், அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுக் காலத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழித்தார். போர்வை உராயும் ஓசையைக்கூட அவர் காது பொறுக்கவில்லை. கணவர் ஓமர் வாசோ அடுத்த அறையில் வெறுங்காலோடு நடந்தாலும் அவருக்கு வேதனையாக இருந்தது.

அந்நிலையில் அவர் கைப்பேசியை எடுத்துத் தம்மைப் படம் பிடிக்கத் தொடங்கினார். புகழுக்காகவோ ஆறுதலுக்காகவோ அல்ல; மருத்துவரிடம் காட்டுவதற்காக. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவர் ஓரளவு தேறியிருப்பார். தேறியிருந்தால்தானே செல்ல முடியும்? ஆகவே மருத்துவர் கண்டதெல்லாம் அவருடைய நல்ல நாட்களை மட்டுமே. தலையைத் தூக்க முடியாமல் தரையில் கிடக்கும் நாளை எந்த மருத்துவரும் கண்டதில்லை. அந்த நாளைக் கைப்பேசி கண்டது. நாட்பட்ட நோயுடையார் பலருக்கும் பொதுவான இடர்ப்பாடு இது. நலமாக இருக்கும்போதுதான் உலகம் அவர்களைப் பார்க்கிறது. ஆகவே அவர்கள் எப்போதும் நலமாக இருப்பதாகவே உலகம் நினைக்கிறது.

அவருக்கு வந்திருந்த நோயின் பெயர் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ். வாய்க்குள் அடங்காத பெயராதலால் எம்.இ. என்று சுருக்கிச் சொல்வர். இந்நோயின் தனி இயல்பு ஒன்றுண்டு. சிறிதளவு உழைத்தாலும், படிப்பது பேசுவது போன்ற மன உழைப்பாக இருப்பினும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் சரிந்து விழும். உறங்கி எழுந்தாலும் அச்சோர்வு தீராது. 'கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்' என்று அன்போடு சொல்லப்படும் அறிவுரையே இந்நோயில் நஞ்சாகிறது.

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு ஈண்டு ஒரு காட்சி நினைவுக்கு வரும். தலைவி மெலிகிறாள், தோள் வாடுகிறது, வளை கழல்கிறது. காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு உருட்டிப் பார்த்து, இது முருகன் தந்த அணங்கு என்று முடிவு கூறுகிறான். வெறியாட்டு நிகழ்கிறது, ஓர் ஆட்டுக்குட்டியின் உயிரும் வீணே போகிறது. தலைவியின் நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. அத்தனை பேர் கூடியிருந்தும் அவளை ஒருவரும் கேட்கவில்லை. உண்மை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் வாய் திறந்து அறத்தொடு நின்ற பிறகே தாய்க்குத் தெளிவு பிறக்கிறது. அங்கே நோய் காதலாதலின் மருந்தும் எளிது. ஆயினும் நோயுற்றவளை விட்டுவிட்டு அவள் நோயைப் பற்றிப் பிறர் கூடி முடிவு செய்யும் அந்த முறை, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் பெரிதாக மாறவில்லை.

எம்.இ. நோயின் வரலாறே அதற்குச் சான்று. 1955ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செவிலியர், மருத்துவர் உள்ளிட்ட ஏறத்தாழ 300 பேரை ஒரு புதிய நோய் தாக்கிற்று. மருத்துவமனையைச் சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டு கழித்து, 1970இல், மனநல மருத்துவர் இருவர் பழைய நோய்க் குறிப்பேடுகளை ஆராய்ந்து, இது கூட்டமாகப் பரவிய மனக்கோளாறு என்று கட்டுரை வெளியிட்டனர். பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. நோயாளிகளை நேரில் கண்டு பேசாமலே எழுதப்பட்ட அக்கட்டுரை நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிற்று.

1984இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் மீண்டும் பலர் இவ்வாறு வீழ்ந்தனர். அதனை ஆராய்ந்த அரசு நிறுவனத்தின் வழியே 1988இல் இந்நோய்க்கு 'நாட்பட்ட சோர்வு நோய்' என்ற பெயர் வாய்த்தது. பெயர் சூட்டுவதில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சோர்வு யாருக்குத்தான் இல்லை? அலுவலகம் சென்று வருபவருக்கும் சோர்வு உண்டு. அடுப்படியில் நிற்பவருக்கும் சோர்வு உண்டு. பல்துலக்கக் கை தூக்க இயலாதவரின் நிலையையும் அச்சொல் அந்த வரிசையிலேயே சேர்த்துவிட்டது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி அந்நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர் வரை இந்நோயால் வருந்துகின்றனர்; அவர்களுள் 84 முதல் 91 விழுக்காட்டினர்க்கு நோய் இன்னதென்றே கண்டறியப்படவில்லை.

பிரேயா தம் படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் தேடியபோது, தம்மைப்போலவே இருட்டறைகளில் கிடப்போர் ஆயிரக்கணக்கில் இருப்பதை அறிந்தார். அவர்களோடு பேசினார். தாம் படுக்கையில் கிடந்தவாறே, வெளிநாடுகளில் இருந்த நோயாளிகளைத் திரைவழியே பேட்டி கண்டு ஒரு முழுநீள ஆவணப்படத்தை உருவாக்கினார். 'அன்ரெஸ்ட்' என்பது அதன் பெயர். ஓய்வில்லாமை என்றும் அமைதியின்மை என்றும் இருவகையாகப் பொருள் கொள்ளலாம். 2017 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அப்படம் படத்தொகுப்புக்கான சிறப்புப் பரிசு பெற்றது.

எழுத்தால் இதனைச் செய்தவர்களும் உண்டு. லாரா ஹில்லன்பிராண்ட் 'சீபிஸ்கட்' என்னும் பந்தயக் குதிரையின் வரலாற்றை 2001இல் நூலாக எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். அந்நூலை அவர் எம்.இ. நோயுடன்தான் எழுதினார் என்பது படித்தவர் பலர்க்குத் தெரியாது. 1987இல் கல்லூரி மாணவியாக இருக்கும்போது தொடங்கிய பிணியின் கதையை 2003இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார்.

அதே 2003ஆம் ஆண்டில் வேறொரு கதையும் வெளிவந்தது. கிறிஸ்டின் மிசரான்டினோ என்னும் பெண்மணி லூபஸ் நோயுடையவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய் அது. வெளிப்பார்வைக்கு அவர் நலமாகவே தோன்றுவார். ஒருநாள் உணவகத்தில் அவருடைய தோழி, லூபஸோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று கேட்டாள். மாத்திரைகள், வலி, மருத்துவர் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். தோழி கேட்டது அதுவன்று. நோயாளியாக இருப்பது எப்படியிருக்கும் என்பதே அவள் கேள்வி.

மிசரான்டினோ சுற்றியிருந்த மேசைகளிலிருந்து கரண்டிகளைத் திரட்டித் தோழியின் கையில் கொடுத்தார். எண்ணினால் பன்னிரண்டு. "இனி உனக்கு லூபஸ். இந்த நாளுக்கு உனக்குள்ள வலிமை இந்தக் கரண்டிகள்தாம். நீ செய்யும் வேலைகளைச் சொல்" என்பது போலக் கூறினார். படுக்கையை விட்டு எழுவதற்கு ஒரு கரண்டி. குளிப்பதற்கு ஒன்று. உடுத்துவதற்கு ஒன்று. வலிக்கும் கைக்குப் பொத்தான் போடுவதும் ஒரு வேலைதானே! அலுவலகம் போய்ச் சேர்வதற்குள்ளாகவே தோழி பாதிக் கரண்டிகளை இழந்துவிட்டாள். இரவு வந்தபோது, சமைத்தால் பாத்திரம் துலக்கக் கரண்டி இராது; வெளியே சென்று உண்டால் திரும்பி வரக் கரண்டி இராது என்ற நிலை. நலமுள்ளவர் கரண்டியை எண்ணுவதில்லை. நோயுள்ளவர் எண்ணாமல் ஒரு வேலையும் செய்வதில்லை. இவ்வளவுதான் கதை.

இக்கதையை மிசரான்டினோ எழுதி வெளியிட்டார். லூபஸ் மட்டுமன்றி, முடக்குவாதம், குடல் அழற்சி, எம்.இ. முதலிய பல நோயுடையார்க்கும் அது சொந்தக் கதையாயிற்று. 'இன்று என்னிடம் கரண்டி இல்லை' என்று ஒருவர் சொன்னால், பிற நாட்டிலிருக்கும் மற்றொருவர்க்கு அது விளங்குகிறது. ஆங்கிலத்தில் தம்மை 'ஸ்பூனி' என்றே அழைத்துக்கொள்வோர் பலர். மருத்துவச் சொல் ஒன்றும் செய்யாத வேலையை, உணவகத்து மேசைக் கரண்டிகள் செய்துவிட்டன. தமிழ் வீடுகளில் இதைச் சொல்ல விரும்பும் மருமகள் அஞ்சறைப் பெட்டியைக் கையில் எடுக்கலாம். அளந்து வைத்த கடுகும் மிளகும் தீர்ந்தால் என்னாகும் என்பதை மாமியார் உடனே அறிந்துகொள்வார்.

பிரேயாவும் மற்றவர்களும் கூடி அமைத்த இயக்கம் 2016 மே 25ஆம் நாள் வாஷிங்டன், இலண்டன், மெல்போர்ன் முதலிய நகரங்களில் ஒரு போராட்டம் நடத்திற்று. போராட வேண்டியவர்களோ கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள். என் செய்வது? தம் காலணிகளை அனுப்பி வைத்தனர். ஓட்டப் பந்தயக் காலணி, நடனக் காலணி, மலையேறும் காலணி, குழந்தையின் சிறு காலணி என இணை இணையாகப் பொதுவிடங்களில் அடுக்கி வைக்கப்பட்டன. காலணியோடு ஒரு சீட்டு. அதில் உரியவரைப் பற்றிய குறிப்பு இருக்கும். நோயாளியின் முகத்தைப் படம் பிடித்தால் அதில் நோய் தெரியாது. ஆளில்லாத காலணிகளைப் படம் பிடித்தபோது தெரிந்தது. இந்நோய் பற்றி வெளிவந்த படங்களில் இதனினும் சிறந்தது இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவற்றால் மருத்துவம் மாறிற்றா? ஓரளவு மாறிற்று. நாள்தோறும் உடற்பயிற்சியைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால் எம்.இ. குணமாகும் என்று 2011இல் 'லான்செட்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. நோயாளிகளோ, பயிற்சியால் மேலும் வீழ்ந்தோம் என்று எழுதிக்கொண்டேயிருந்தனர். ஆஸ்திரேலியாவிலிருந்த ஒரு நோயாளி பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டப்படி அவ்வாய்வின் மூலத் தரவுகளைக் கேட்டார், மறுக்கப்பட்டது, வழக்காயிற்று. 2016இல் தீர்ப்பாயம் தரவுகளைக் கொடுக்கும்படி ஆணையிட்டது. 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் அப்பயிற்சி முறையைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கிற்று. படுத்துக் கிடந்தவர்கள் சொன்னது ஏட்டில் ஏறுவதற்குப் பத்தாண்டு ஆயிற்று.

இனி மறுபக்கம். அதனைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை விளம்பரம் ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்னும் இளம்பெண், தமக்கு மூளைப் புற்றுநோய் என்றும், மருந்தை விடுத்து உணவு முறையாலேயே அதனை வென்று வருவதாகவும் இணையத்தில் எழுதினார். அழகிய படங்கள், பளிச்சென்ற பழங்கள், சிரித்த முகம். 2013இல் கைப்பேசிச் செயலி வந்தது; பின்னர் நூலும் வந்தது. 2015இல் தமக்குப் புற்றுநோயே இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அறச் செயல்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லித் திரட்டிய பணத்தை உரியவாறு கொடுக்கவில்லை என்பதன் தொடர்பில் 2017இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. தண்டம் பணத்துக்கு. அவருடைய படங்களை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போட்டவர் எவரேனும் இருப்பின், அவர்க்கு ஏற்பட்ட இழப்புக்கு அத்தண்டம் ஈடாகாது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் காலைதோறும் வந்து விழும் 'இதைக் குடித்தேன், சர்க்கரை போயிற்று' என்னும் செய்திகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. அவற்றை அனுப்பும் சித்தப்பா பொய்யர் அல்லர், நம்பி அனுப்புகிறார். ஆனால் இன்சுலினை நிறுத்துபவருக்கு இவ்வேறுபாடு பயன்படாது.

மெய்யாகவே நடந்ததைச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. பிரேயாவுக்குப் பின்னாளில், தலையும் கழுத்தும் இணையும் இடத்தில் எலும்புப் பிணைப்புத் தளர்ந்திருப்பது கண்டறியப்பட்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. தம் எம்.இ. அறிகுறிகள் நீங்கிவிட்டன என்று 2019இல் அவர் எழுதினார். எல்லார்க்கும் இது பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. இருந்தும் நோயாளிகளிடையே பெரும் கலக்கம் எழுந்தது. தமக்கும் கழுத்தில்தான் குறையோ என்று சிலர் மருத்துவரைத் தேடினர்; அப்படியானால் அவருக்கிருந்தது எம்.இ. தானா என்று சிலர் ஐயுற்றனர். ஒருவர் பலர்க்குக் குரலாக நின்றபின், அவர் நலம் பெறுவதும் அவருடைய சொந்தச் செய்தியாக இருப்பதில்லை.

இவற்றினும் அருகில் இருப்பது ஒன்று. தம் படத்தைத் தாமே காட்டுவது வேறு. பிறர் எடுத்துப் போடுவது வேறு. மருத்துவமனைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடக்கும் தாத்தாவைப் படமெடுத்து, 'வேண்டிக்கொள்ளுங்கள்' என்று ஸ்டேட்டஸில் வைக்கும் பேரனின் உள்ளத்தில் அன்புதான் இருக்கிறது. தாத்தாவோ சட்டைப் பொத்தான் போடாமல் தெருவுக்கு வந்திராதவர். அவரை யாரும் கேட்கவில்லை. அப்படம் எத்தனை கைப்பேசிகளில் தங்கிவிட்டது என்பதும் இனித் தெரியாது. குழந்தைகளின் நோய்ப் படங்களுக்கு இது இன்னும் பொருந்தும். வலிப்பு நோயுள்ள பத்து வயதுச் சிறுமியின் படத்தை இன்று பொதுவில் வைத்தால், அவள் இருபத்தைந்து வயதில் வேலைக்கோ திருமணத்துக்கோ முயலும்போதும் அது கிடைக்கும். சொல்வதா மறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவளல்லவா?

திருமணம் என்றதும் எழும் வினாவுக்கும் விடை கூற வேண்டும். ஊரார்க்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை ஒருவர்க்கும் இல்லை. ஆனால் உடன் வாழப் போகிறவரிடம் நாள் குறிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் வாயிலாக அன்று, பிணியுடையவரே நேரில். அதனால் சில வரன்கள் தட்டிப்போகும் என்பது உண்மை. மாத்திரையை ஒளித்து வைத்து உண்ண வேண்டிய வீட்டில் வாழ்வதைக் காட்டிலும் அந்த இழப்பு சிறிது. மாத்திரையை ஒளிக்க முடியாத நாளில் அதனை விட்டுவிட்டு நோய் முற்றிய பெண்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

கைப்பேசியால் வீட்டளவிலேயே விளையும் நன்மை ஒன்றுண்டு. அதற்கு இணையமும் வேண்டா, ஊராரும் வேண்டா. பிரேயா முதலில் செய்தது அதுவே. வலிப்பு வந்தவர் மருத்துவரிடம் செல்லும்போது வலிப்பு நின்றிருக்கும். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. வீட்டார் எடுத்த ஒரு நிமிடக் காட்சி நரம்பியல் மருத்துவர்க்குப் பெரிதும் உதவும். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் படம் பிடிக்க வேண்டும். தனியாக இருப்பவர் படத்தை நினைக்கவே கூடாது. முடக்குவாதமுடையோரின் விரல்கள் காலை ஆறு மணிக்கு வீங்கி மடங்காமல் இருக்கும். பதினொரு மணிக்கு மருத்துவர் முன் ஓரளவு இளகியிருக்கும். லூபஸ் நோயில் கன்னத்தில் தோன்றும் செம்படையும், அரிப்புத் தடிப்பும் வந்து வந்து மறைவன. நாளும் நேரமும் தெரியுமாறு எடுத்து வைத்த படங்கள் இருப்பின், 'அன்று சிவந்திருந்தது டாக்டர்' என்று சொல்லி அவர் நம்புவாரா என்று தவிக்க வேண்டியதில்லை. அப்படங்கள் நோயாளியின் கைப்பேசியில் இருக்கட்டும். குடும்பக் குழுவுக்குப் போக வேண்டா.

இறுதியாக ஒரு பெயரின் கதை. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவியபோது, இளையோர்க்கு அது இரண்டு வாரத்தில் நீங்கிவிடும் என்று சொல்லப்பட்டது. பலர்க்கு நீங்கவில்லை. மாதங்கள் சென்றும் மூச்சு வாங்கிற்று, நினைவு தடுமாறிற்று, மாடிப்படி ஏறினால் மறுநாள் எழ முடியவில்லை. எம்.இ. நோயாளிகள் அக்குறிகளைக் கேட்டதும் தெரிந்துகொண்டனர். கடும்பாதிப்புக்குள்ளான இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ, 2020 மே மாதம் ட்விட்டரில் தம் நிலையை எழுதியபோது 'லாங் கோவிட்' என்று குறித்தார். நீள்கின்ற கோவிட் என்பது பொருள். பலரும் அச்சொல்லை எடுத்துக்கொண்டனர்.

அதே காலத்தில் இணையத்தில் கூடிய நோயாளிகள் சிலர், அவர்களுள் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றோரும் இருந்தனர், தாமே வினாப்பட்டியல் வகுத்துத் தம்போன்றோரிடம் விடை திரட்டினர். 56 நாடுகளிலிருந்து 3,762 பேர் அளித்த விடைகளைக் கொண்டு 2021இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, உடலின் பத்து உறுப்பு மண்டலங்களைச் சார்ந்த 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 66 அறிகுறிகளை ஏழு மாத காலம் தொடர்ந்து காட்டிற்று. ஆய்வு செய்தோரும் ஆய்வுக்குரியோரும் ஒரே பிணியால் கட்டுண்டவர்களாக இருந்தது மருத்துவ வரலாற்றில் அரிது.

2021 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோய்க்கு முறையான வரையறை தந்து, 'கோவிட்டுக்குப் பிந்திய நிலை' என்று தன் பெயரையும் சூட்டிற்று. செய்தித்தாள்களும், நோயாளிகளும், மருத்துவருள் பலருங்கூட, படுக்கையில் கிடந்தவர்கள் வைத்த பழைய பெயரையே இன்றும் வழங்கி வருகின்றனர்.